உடை உறுதிமொழியை ஜனவரி கடைசியில் எழுதுங்கள்

"இந்த வருடமாவது கொஞ்சம் நன்றாக உடுத்த வேண்டும்" என்று புத்தாண்டில் நினைக்காதவர்கள் குறைவு. நினைத்த கையோடு பலரும் செய்வது கடைக்குப் போவதுதான். தள்ளுபடிக் காலம் வேறு. கை நிறையப் பைகளோடு வீடு திரும்புவோம். பிப்ரவரியில் பார்த்தால், பழைய அதே மூன்று சட்டைகளைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்போம். புதிதாக வாங்கியவை மடிப்புக் கலையாமல் உள்ளே கிடக்கும்.

ரசனை இல்லாததால் இப்படி நடப்பதில்லை. நமக்கு எது பொருந்துகிறது, எதை நாம் உண்மையில் எடுத்து உடுத்துகிறோம் என்று பார்க்காமலே வாங்கிவிடுகிறோம். அந்த விவரமெல்லாம் ஏற்கெனவே நம் அலமாரியில் இருக்கிறது. நிதானமாகப் படித்தெடுக்க ஒரு மாதம் ஆகும். அதனால் என் யோசனை இது: ஜனவரி முழுக்க உடை எதுவும் வாங்க வேண்டாம். உறுதிமொழியையும் முதல் தேதி எழுத வேண்டாம். மாதக் கடைசியில் எழுதுங்கள். எழுதுவதற்கான விஷயம் அப்போதுதான் உங்கள் கையில் இருக்கும்.

உடையைப் பற்றி இதுவரை உட்கார்ந்து யோசித்ததே இல்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆணோ பெண்ணோ, எந்த வயதோ, எந்த உடல்வாகோ, செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்.

முதல் இரண்டு வாரம்: கவனிப்பது மட்டும்

வெளியே கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் தெரிய வேண்டியதில்லை. கழுத்திலிருந்து பாதம் வரை, செருப்போ ஷூவோ சேர்த்து. யாருக்கும் காட்டத் தேவையில்லை. இரவு உடை மாற்றும்போது, அன்றைய உடை பற்றி ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்.

இரவில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலையில் கண்ணாடி முன் அசையாமல் நிற்கும்போது எந்த உடையும் ஓரளவு நன்றாகத்தான் தெரியும். பல மணி நேரம் உடுத்திய பிறகுதான் அதன் குணம் தெரியும். உட்காரும்போது பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளந்ததா? இடுப்புப் பட்டி வயிற்றை அழுத்தியதா? கழுத்தில் அரித்ததா? நடக்க நடக்க மேலே ஏறியதா, கீழே இறங்கியதா? மதியத்திற்குள் கசங்கிப் போனதா? யார் என்ன பாராட்டினார்கள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உடையை மறந்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்க முடிந்ததா என்பதுதான் நல்ல உடைக்கான முதல் சோதனை.

கூடவே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த நாள் எங்கே கழிந்தது. வேலையிடத்திலா, வீட்டிலா, அலைச்சலிலா, விசேஷத்திலா. இரண்டு வாரம் கழித்து இந்தக் கணக்கையும் அலமாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். எப்போதாவது வரும் விசேஷத்துக்கான உடைகள் அலமாரியில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் போகும் வேலைக்கோ உருப்படியாக நான்கு உடை இருக்காது. "போட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லை" என்று நிறைந்த அலமாரி முன் நின்று சொல்வது பொய்யில்லை. அன்றைய நாளுக்கு ஏற்றது இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

மூன்றாம் வாரம்: வெளியே எடுத்துப் பிரிப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டிலில் கொட்டச் சொல்வார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம். இரவு பத்து மணிக்குக் குவியல் பாதி அப்படியே இருக்க, அலுத்துப்போய் எல்லாவற்றையும் மறுபடி உள்ளே திணிப்பதில்தான் முடியும். ஒரு நாளைக்கு ஒரு வகை போதும். இன்று மேலாடை, நாளை பேன்ட், அடுத்த நாள் உள்ளாடையும் சாக்ஸும், அப்புறம் காலணி.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நான்கு குவியலாகப் பிரியுங்கள். அடிக்கடி உடுத்துவது ஒன்று. பிடிக்கும், ஆனால் ஏதோ குறை இருப்பதால் உடுத்தாமல் இருப்பது இரண்டாவது. முடிவு செய்ய முடியாதது மூன்றாவது. இனி வேண்டாம் என்று நிச்சயமாகத் தெரிந்தது நான்காவது.

இவற்றில் இரண்டாவது குவியல்தான் பொக்கிஷம். பொத்தான் விழுந்தது, ஜிப் பழுதானது, இரண்டு அங்குலம் நீளமாக இருப்பது, தையல் பிரிந்தது எல்லாம் இதில் இருக்கும். பிடித்துப்போய் வாங்கியவை இவை. சின்ன வேலை ஒன்றைத் தள்ளிப்போட்டதால் கிடப்பில் கிடப்பவை. இந்தக் குவியலை அன்றே ஒரு பையில் போட்டு வாசல் பக்கம் வையுங்கள். அலமாரிக்குள் திரும்பப் போனால் அடுத்த ஜனவரிதான் வெளியே வரும்.

மூன்றாவது குவியலோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டு மூடி, மேலே ஜூலை முதல் தேதி என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இடையில் எது தேவைப்படுகிறதோ அதை எடுத்து உடுத்தலாம், அது அலமாரிக்குத் திரும்பலாம். ஜூலையில் பெட்டியில் மிச்சம் இருப்பவைக்கு முடிவு தானாகத் தெரிந்துவிடும். அலமாரியில் தொங்குபவைக்கு இன்னொரு வழி இருக்கிறது. எல்லா ஹேங்கரின் கொக்கிகளையும் தலைகீழ்த் திசையில் மாட்டுங்கள். ஒன்றை உடுத்தித் துவைத்துத் திரும்ப மாட்டும்போது மட்டும் வழக்கமான திசையில் மாட்டுங்கள். ஆறு மாதத்தில் எந்தெந்தக் கொக்கி திரும்பவே இல்லை என்று பார்த்தால் போதும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. "இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று எடுத்துவைத்த உடைகள் எல்லார் வீட்டிலும் இருக்கும். அவற்றைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் திறக்கும் கதவுக்குப் பின்னால் அவை இருக்கவே கூடாது. ஒவ்வொரு காலையும் உங்கள் உடம்பைக் குறை சொல்லும் ஒரு துணியைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இன்றைக்கு இருக்கும் உடம்புக்குச் சரியான உடை வேண்டும், இன்றைக்கே வேண்டும். நினைவுக்காக வைத்திருப்பவற்றுக்கும் தனி இடம் கொடுங்கள். அவை உடை என்ற கணக்கிலேயே வர வேண்டாம்.

பிடித்தவற்றைப் படிப்பது

முதல் குவியலிலிருந்து உங்களுக்கு மிகவும் பிடித்த ஏழெட்டை எடுத்து வரிசையாக வையுங்கள். படங்களையும் பாருங்கள். இவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? கழுத்து வெட்டு எப்படி? கையின் நீளம் எங்கே முடிகிறது? துணி மெத்தென்று விழுகிறதா, விறைப்பாக நிற்கிறதா? கோடுகளா, பூக்களா, ஒன்றுமில்லாத ஒற்றை நிறமா? இடுப்பு உயர்ந்ததா, தாழ்ந்ததா? பாக்கெட் இருக்கிறதா?

பதிலை மூன்று வாக்கியமாக எழுதுங்கள். உதாரணமாக, "முழங்கைக்குச் சற்றுக் கீழே முடியும் கை. கனமில்லாத பருத்தி, அடர்ந்த நிறம். உடம்பை ஒட்டாத, ஆனால் தோளில் சரியாக உட்காரும் மேலாடை." உங்களுடைய ஸ்டைல் என்று வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியத்துக்குள் இருக்கும். விருப்பம் தெரியாமலே நீங்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தவை இவை. பிறர் படங்களைப் பார்த்து ஆசைப்படுவதில் தவறில்லை. அப்படி ஒரு படம் பிடித்துப்போனால், அந்த உடையையே தேடாமல், அதில் எது பிடித்தது என்று பிரித்துப் பாருங்கள். பல நேரம் அது நிறமாகவோ, சட்டையை உள்ளே செருகியிருக்கும் விதமாகவோ இருக்கும். அதற்குத் தேவையானது ஏற்கெனவே உங்களிடம் இருக்கலாம்.

பொருத்தம்: நேரம் செலவழிக்கவேண்டிய இடம்

நிறம், மோஸ்தர், பிராண்டு எல்லாவற்றையும்விட உடை உடம்பில் எப்படி உட்காருகிறது என்பதுதான் கண்ணுக்கு முதலில் தெரியும். சாதாரணச் சட்டை அளவாக உட்கார்ந்தால் எடுப்பாக இருக்கும். உயர்ந்த ரகச் சட்டை தோளில் தொங்கினால் இரவல் வாங்கியதுபோல இருக்கும்.

முதலில் ஒரு தையல் டேப்பை எடுத்து மார்பு, இடுப்பு, பின்புறத்தின் அகலமான பகுதி, தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை, தொடை இடுக்கிலிருந்து கணுக்கால் வரை அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடிக்காமல், இயல்பாக மூச்சுவிட்டபடி அளக்க வேண்டும். இதைவிடப் பயனுள்ள இன்னொரு அளவு இருக்கிறது. உங்களுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் சட்டையையும் பேன்டையும் தட்டையாக விரித்து, அவற்றை அளப்பது. அக்குளுக்கு அக்குள் எவ்வளவு, தோள் தையலுக்குத் தோள் தையல் எவ்வளவு, மொத்த நீளம் எவ்வளவு. ஆன்லைனில் வாங்கும்போது இந்த எண்களை அங்கே கொடுத்திருக்கும் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மீடியம், லார்ஜ் என்ற எழுத்துகளை நம்ப முடியாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் லார்ஜாக இருக்கும். அதே நிறுவனத்திலேயே இரண்டு மாடல்களுக்கு நடுவில்கூட மாறும். அளவு எண் ஏறுவது உங்களைப் பற்றிய தீர்ப்பு கிடையாது. உறுத்தினால் அந்த லேபிளை வெட்டிவிடுங்கள்.

உடுத்திப் பார்க்கும்போது மேலிருந்து கீழே வாருங்கள். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும் (வேண்டுமென்றே தொளதொளவென்று வெட்டப்பட்ட உடைகளுக்கு இது பொருந்தாது). கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். ஒரு நாற்காலியில் உட்காருங்கள். குனிந்து காலணியைத் தொடுங்கள். மார்பிலோ தொடையிலோ குறுக்காகக் கோடுகோடாகச் சுருக்கம் விழுந்தால் அங்கே இறுக்கம். செங்குத்தாக மடிப்புத் தொங்கினால் அங்கே துணி அதிகம்.

எதைத் தையல்காரரிடம் சரிசெய்யலாம், எதை முடியாது என்று தெரிந்துவைத்திருப்பது நிறையப் பணத்தை மிச்சப்படுத்தும். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைக் கொஞ்சம் பிடிப்பது, சட்டையின் பக்கவாட்டைக் குறைப்பது, கையைச் சின்னதாக்குவது எல்லாம் எளிய வேலைகள். பெரிதாக்க வேண்டுமென்றால், தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று உடையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே துணி இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. தோளையும், கை வந்து சேரும் குழியையும் மாற்றுவது கடினமான வேலை. பல நேரம் உடையின் விலையையே நெருங்கும். ஆகவே வாங்கும்போது தோள் சரியாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், மற்றதைத் திருத்திக்கொள்ளலாம். பழைய துணி தைப்பதில் கைதேர்ந்த ஒரு தையல்காரரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்வது, இந்த வருடம் நீங்கள் செய்யக்கூடிய மிக நல்ல காரியம். வாசல் பக்கம் வைத்த பையை முதலில் அவரிடம் கொண்டுபோங்கள்.

நிறம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறத்தைப் பற்றித் தேவைக்கு மேலேயே பயமுறுத்துகிறார்கள். "இந்தத் தோலுக்கு இந்த நிறம் ஆகாது" என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று, துணியை முகத்தருகே பிடித்துப் பாருங்கள். கண் முதலில் முகத்துக்குப் போகிறதா, துணிக்குப் போகிறதா? முகம் தெளிவாகத் தெரிந்தால் அந்த நிறம் உங்களுக்கு ஆகும்.

அடிப்படை நிறங்களாக இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, கருநீலம், சாம்பல், பழுப்பு, வெள்ளை இவற்றில் உங்கள் அலமாரியில் ஏற்கெனவே எது அதிகமோ அதுவே போதும். பேன்ட், காலணி, பை ஆகியவை இந்த நிறங்களில் இருந்தால், மேலே எந்த நிறம் போட்டாலும் ஒத்துப்போகும். கடை விளக்கில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் சூரிய ஒளியில் வேறுவேறாகத் தெரிவது சாயத்தின் இயல்பு. கறுப்பு என்று வாங்கியது வெளியே வந்ததும் கருநீலமாகவோ பழுப்பாகவோ தெரிவது இதனால்தான்.

துணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

உள்பக்கத் தையலில் இருக்கும் சின்ன லேபிளைப் படிக்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், தவறாக வாங்குவது பாதியாகக் குறையும். அதில் துணி எதனால் ஆனது என்பது சதவீதத்தில் இருக்கும்.

பருத்தி ஈரத்தை உறிஞ்சும், தோலுக்கு இதமானது. ஆனால் உறிஞ்சிய ஈரத்தை மெதுவாகத்தான் விடும், அதனால் அதிகம் வியர்த்தால் நனைந்தபடி ஒட்டிக்கொள்ளும். முதல் சில சலவைகளில் சுருங்கலாம். லினன் ஈரத்தை வாங்கிச் சீக்கிரம் உலர்த்திவிடும், வெப்பத்துக்கு ஏற்றது. கசங்குவது அதன் சுபாவம், அதை ஏற்றுக்கொள்பவர்கள் மட்டும் வாங்குங்கள். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் சீக்கிரம் பிடிக்காது. அடிக்கடி துவைக்கத் தேவையில்லை, காற்றாட விட்டாலே போதும். பாலியெஸ்டர் கசங்காது, உழைக்கும், சீக்கிரம் காயும். ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வியர்வை நாற்றம் அதில் தங்கிவிடும். ரேயான், விஸ்கோஸ் என்று எழுதியிருப்பது மரக்கூழிலிருந்து செய்வது. பட்டுபோல வழுவழுவென்று விழும். ஆனால் நனைந்தால் பலமிழக்கும் இழை அது. முறுக்கிப் பிழிந்தால் உருக்குலைந்துவிடும். எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை இரண்டு மூன்று சதவீதம் கலந்தால் பேன்ட் உட்கார எழ வசதியாக இருக்கும். ஆனால் சூடு அதற்கு ஆகாது. கொதிக்கும் இஸ்திரியும் சூடான உலர்த்தும் இயந்திரமும் அதன் இழுவையைக் கொன்றுவிடும். முழங்காலில் தொளதொளத்துப்போன ஜீன்ஸ் பலவற்றின் கதை இதுதான்.

துணியின் மேலே சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிசிறு கட்டுவதும் பலரை வருத்தும் விஷயம். குட்டையான இழைகள் உரசலில் வெளியே வந்து சுருண்டு முடிச்சாகின்றன. தனிப் பருத்தியிலும் கம்பளியிலும் அந்த உருண்டைகள் காலப்போக்கில் உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் கலந்த துணியில் இழை பலமானது என்பதால் உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். கடையில் துணியின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் கொஞ்ச நேரம் தேய்த்துப் பாருங்கள். அதற்குள்ளேயே பிசிறு எழும்பினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

துவைப்பதும் காப்பதும்

நன்றாக உடுத்துபவர் என்று நீங்கள் மனதில் நினைக்கும் யாரையாவது கவனியுங்கள். அவர் நிறைய உடை வைத்திருப்பவராக இருக்க வேண்டியதில்லை. உள்ளதைச் சுத்தமாக, நிறம் மங்காமல், தேய்த்து வைத்திருப்பவராக இருப்பார். இந்தப் பகுதியை அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லேபிளில் இருக்கும் குறியீடுகளைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். தண்ணீர்த் தொட்டிபோல இருப்பது சலவைக்கானது. அதில் எழுதியிருக்கும் எண், தண்ணீரின் வெப்பம் அதைத் தாண்டக்கூடாது என்கிறது. தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால்தான் துவைக்க வேண்டும். முக்கோணம் பிளீச்சைக் குறிக்கும். சதுரம் உலர்த்துவது, சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் உலர்த்தும் இயந்திரம். இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, மூன்று புள்ளி என்றால் அதிகச் சூடு. தனியாக ஒரு வட்டம் இருந்தால் டிரை கிளீனிங் போன்ற தொழில்முறைச் சலவை. எதன் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தாலும் அதைச் செய்யக்கூடாது.

உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவையுங்கள். உரசலும் மங்கலும் உள்பக்கத்தோடு போய்விடும். ஜிப்பை மூடுங்கள், இல்லாவிட்டால் அதன் பற்கள் பக்கத்துத் துணியைக் கிழிக்கும். குளிர்ந்த தண்ணீர் பெரும்பாலான தினசரி உடைகளுக்குப் போதும். சோப்புத்தூளை அதிகம் போட்டால் அதிகம் சுத்தமாகாது, அலசி முடியாமல் துணியில் தங்கி விறைப்பாக்கும். நிறத் துணியை நிழலில் காயவையுங்கள். வெயில் சாயத்தை வெளுக்கும், பட்டின் இழையையே பலவீனமாக்கும். பின்னலாடைகளை ஹேங்கரில் மாட்டக் கூடாது, தன் கனத்தாலேயே நீண்டு தோளில் கூம்பு விழும். மடித்து வையுங்கள்.

புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். சாயம் ஏற்றும்போது தொழிற்சாலையில் உப்பு சேர்ப்பது உண்டு. ஆனால் சாயம் போட்டு முடித்து வந்த துணியில், ஒட்டாமல் மிச்சம் இருக்கும் சாயத்தை வீட்டு உப்பு பிடித்து நிறுத்தாது. நனைந்த வெள்ளைத் துணியால் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் முதல் சில முறை தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் துவையுங்கள், அவ்வளவுதான்.

கம்பளியையும் பட்டையும் நீண்ட நாள் எடுத்துவைக்கும் முன் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள். துணி அரிக்கும் பூச்சியின் புழுக்கள் இந்த விலங்கு இழைகளைத்தான் தின்னும். வியர்வையும் கறையும் இருந்தால் இன்னும் விரும்பி வரும். தோல் ஷூக்களை அடுத்தடுத்த நாள் போடாமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். உள்ளே தங்கிய வியர்வை காய அந்த நேரம் வேண்டும்.

ஊசி நூலை எடுத்துப் பொத்தான் தைக்கத் தெரியாதவர்கள் இந்த வருடம் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாலை போதும்.

எத்தனை உடை வேண்டும்?

உடைகளைக் குறைத்து ஒன்றோடொன்று சேரும்படி வைத்துக்கொள்ளும் முறையை ஆங்கிலத்தில் கேப்சூல் வார்ட்ரோப் என்பார்கள். லண்டனில் கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் 1970களில் அந்தப் பெயரைப் பரப்பினார். 1985இல் அமெரிக்க வடிவமைப்பாளர் டானா காரன் ஏழே உடைகளை மாற்றி மாற்றிச் சேர்த்து உடுத்தும் ஒரு தொகுப்பை வெளியிட்ட பிறகு அது பெரிதாகப் பேசப்பட்டது. இப்போது முப்பது, முப்பத்தைந்து என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். எண்ணை இலக்காக வைக்காதீர்கள். உங்கள் வேலை, துவைக்கும் இடைவெளி, நீங்கள் இருக்கும் இடத்தின் பருவம் இவற்றைப் பொறுத்து அது மாறும். எண்ணுக்குப் பதிலாக ஒரு விதி: புதிதாக வரும் ஒவ்வொரு உடையும், உங்களிடம் இருக்கும் மூன்று உடைகளோடாவது சேர வேண்டும். சேரவில்லையென்றால் அதற்காக இன்னும் இரண்டு வாங்க வேண்டியிருக்கும்.

வாங்கும் நேரம் வரும்போது

ஜனவரி முடிந்தபின், படங்களையும் குவியல்களையும் பார்த்து இல்லாதது எது என்று எழுதுங்கள். "நல்ல பேன்ட் ஒன்று" என்று எழுதினால் போதாது. "அலுவலகத்துக்கு, கருநீலம், கணுக்காலில் முடியும், கசங்காத துணி" என்று எழுதுங்கள். விவரம் கூடக்கூட ஏமாறுவது குறையும். பட்டியலில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டு மனதைப் பிடித்துவிட்டால், பெயரைக் குறித்துவிட்டு முப்பது நாள் காத்திருங்கள். அதற்குப் பிறகும் நினைவில் இருந்தால் வாங்கலாம். பெரும்பாலானவை மறந்தே போகும்.

விலையை எப்படிப் பார்ப்பது? கொடுத்த விலையை உடுத்திய தடவைகளால் வகுங்கள். ஒரு சட்டை இன்னொன்றைப்போல மூன்று மடங்கு விலை என்று வைத்துக்கொள்வோம். விலை கூடியதை 90 முறையும் மலிவானதை 10 முறையும் உடுத்தினால், ஒரு தடவைக்கான செலவில் விலை கூடியதே மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்த 90ஐ ஆசையிலிருந்து எடுக்காதீர்கள், உங்கள் படங்களிலிருந்து எடுங்கள். அதே மாதிரி உடையை இதுவரை எத்தனை முறை உடுத்தியிருக்கிறீர்கள் என்பதுதான் நம்பகமான கணக்கு. இதனாலேயே, விசேஷ உடையைவிடத் தினசரிக் காலணிக்கும் பேன்டுக்கும் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

வாங்கும் முன் உடையை உள்ளே திருப்பிப் பாருங்கள். தையல் நெருக்கமாக, நேராக இருக்கிறதா? இரண்டு பக்கமும் லேசாக இழுத்தால் தையல் இடைவெளி விடுகிறதா? பக்கவாட்டில் கோடும் கட்டமும் சந்திக்கும் இடத்தில் பொருந்துகின்றனவா? பொத்தான் ஆடாமல் நிற்கிறதா? வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிகிறதா? யாரோ பயன்படுத்திய உடைகளையும் இதே சோதனையோடு தாராளமாக வாங்கலாம். பலமுறை துவைத்த பிறகும் உருக்குலையாமல் இருக்கும் உடை, தன் தரத்தை ஏற்கெனவே காட்டிவிட்டது.

வேண்டாதவற்றை அனுப்புவது

நான்காவது குவியலை என்ன செய்வது? பொருட்களை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துவதை வலியுறுத்தும் எலென் மெக்கார்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உடை செய்யப் பயன்படும் மூலப்பொருளில் மறுபடியும் புது உடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே மறுசுழற்சிக்குப் போட்டுவிட்டோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்ததை வாங்குவது சரியாக வராது. நல்ல நிலையில் இருப்பதைத் துவைத்து, தேய்த்து, பொத்தான் தைத்து, தேவையிருக்கும் ஒருவரிடம் கேட்டுக் கொடுங்கள். வாங்கிக்கொள்பவர் அடுத்த நாளே உடுத்தும் நிலையில் இருக்க வேண்டும். கிழிந்ததும் நைந்ததும் வீட்டில் துடைக்கும் துணியாகட்டும்.

இப்போது உறுதிமொழி

ஜனவரியின் கடைசி நாளில் உட்காருங்கள். இரண்டு அல்லது மூன்று உறுதிமொழி போதும். "இனி நன்றாக உடுத்துவேன்" என்பதைக் கடைப்பிடிக்க முடியாது, ஏனென்றால் அதை எப்போது, எங்கே செய்வது என்றே அதில் இல்லை. இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று நிபந்தனையோடு எழுதும் திட்டங்கள் நடைமுறைக்கு வருவது அதிகம் என்று உளவியல் ஆய்வாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1999இல் எழுதினார். உடைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

"இரவு பல் துலக்கியதும் மறுநாள் உடையை, உள்ளாடையிலிருந்து காலணி வரை, எடுத்து வைப்பேன்." "பொத்தான் விழுந்த உடை கையில் வந்தால் அலமாரிக்குள் வைக்காமல் வாசல் பையில் போடுவேன்." "ஏதாவது வாங்கத் தோன்றினால் முதலில் போனில் இருக்கும் பட்டியலைத் திறப்பேன்." "ஞாயிறு மாலை துணி மடிக்கும்போதே அந்த வாரத்துக்கானதைத் தேய்த்துவிடுவேன்." உங்கள் இரவுக் குறிப்புகளில் எந்தக் குறை அதிகம் திரும்ப வந்ததோ, அதற்கான உறுதிமொழியை முதலில் எழுதுங்கள். கசங்கல் என்றால் இஸ்திரி. இறுக்கம் என்றால் தையல்காரர். காலையில் பதற்றம் என்றால் முந்தைய இரவு எடுத்து வைப்பது.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். 21 நாள் என்று பலரும் சொல்வதை நம்பி மூன்று வாரத்தில் மனம் விட்டுவிடாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. பிப்ரவரியில் தொடங்கினால் ஏப்ரல் வரை இழுத்தாலும் இயல்புதான். நடுவில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்றும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு காலை அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டால், அன்றிரவு வழக்கம்போல மறுநாளைக்கானதை எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள்.